ஒரு நாள், ஒரு ஆள், ஒரு தீவு: மதுரையிலிருந்து எங்கே போகலாம்?

எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட் தங்கைக்கு, மார்ச் முடிவதற்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் லீவு ஒன்று மிச்சம் இருக்கிறது. “அக்கா, ஒரே ஒரு நாள். கூட யாரும் வேண்டாம். ஏதாவது ஒரு தீவுல போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். ராமேஸ்வரமா, குருசடையா, தூத்துக்குடி முயல் தீவா?” என்று கேட்டாள். அவள் மட்டும் இல்லை. என் சித்தி மகன், மாடி வீட்டு டீச்சர் என்று இந்த ஒரு வருஷத்தில் இதே கேள்வியோடு வந்தவர்கள் நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

மூன்றுக்கும் தனியாகப் போய் வந்தவள் நான். ஒரு தோள்பை, ஒரு தண்ணீர் பாட்டில், “இப்ப எங்கே இருக்கே” என்று மணிக்கொரு தரம் போன் செய்யும் அம்மா, அவ்வளவுதான் துணை. மதுரைக்காரர்களுக்குத் தீவு என்றாலே வண்டியூர்த் தெப்பக்குளத்து மைய மண்டபம்தான் முதலில் கண்ணில் நிற்கும். அதற்கு லீவு போட வேண்டியதில்லை என்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் “அங்கே என்ன பார்க்கலாம்” என்று ஆரம்பிப்பார்கள். தனி ஆள் அப்படி ஆரம்பித்தால் கணக்கு தப்பும். நான் ஐந்து விஷயம் பார்க்கிறேன்.

கையில் நிற்கும் நேரம். வீட்டிலிருந்து வீடு வரை ஒரு நாள் என்பது பதினாறு மணி நேரம். அதில் பஸ்ஸும் ரயிலும் தின்றது போக, கடலைப் பார்த்து உட்கார எத்தனை மணி மிஞ்சுகிறது?

சீட்டுக்கு விலையா, வண்டிக்கு விலையா. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆட்டோ 800 ரூபாய் என்றால் நாலு பேருக்கு ஆளுக்கு 200. தனியாகப் போனால் அந்த 800-ம் உங்கள் தலையில்தான். படகுக்கும் இதே கதை. பஸ்ஸும் ரயிலும் மட்டும்தான் தனி ஆளைத் தனி ஆளாக மதிக்கின்றன.

திரும்பும் வண்டி. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது? அரை மணியில் என்றால் நிம்மதி. நாளைக்குக் காலை என்றால் நாள் முழுக்க வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பை யாரிடம்? கேட்கச் சின்ன விஷயம். தண்ணீரில் இறங்கும்போது பர்ஸ், போன், மாற்றுத்துணி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்க ஆள் இல்லை. தனியாகப் போகிறவர் குளிக்கிறாரா இல்லையா என்பதைப் பல இடங்களில் கடல் முடிவு செய்வதில்லை, பைதான் முடிவு செய்கிறது.

சும்மா இருக்க விடுமா. தீவுக்குப் போவதே அதற்குத்தானே. கைடு, கடைக்காரர், “அக்கா கிளம்பலாமா” என்கிற டிரைவர் இவர்களெல்லாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதும் ஒரு அளவுகோல்தான்.

## பாம்பன் தீவு: ராமேஸ்வரத்தில் இறங்கி தனுஷ்கோடி வரை

### போவது எப்படி

மாட்டுத்தாவணியில் அதிகாலை பஸ் பிடித்தால் ஏறத்தாழ 170 கி.மீ., நாலு மணி நேரம். பரமக்குடி வரை நாலு வழிச் சாலையில் பஸ் பறக்கும். அங்கிருந்து ராமநாதபுரம் வரையிலான 46.7 கி.மீ.யையும் நாலு வழியாக்க மத்திய அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை நடக்கும் காலத்தில் அந்த இடத்தில் நேரம் கூடத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரயிலும் ஏறத்தாழ அதே நாலு மணி நேரம்தான். பாசஞ்சர் டிக்கெட் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே கிடையாது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி மதுரை ஜங்ஷனில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்க முடிகிறது. புதுப் பாலத்தின் நடுத்துண்டு 72.5 மீட்டர். கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். நான் போனபோது கப்பல் எதுவும் வரவில்லை. ஆனாலும் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியில் பேச்சு அடங்கி, எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். எதிர் சீட்டில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலையா கடலையா என்று தெரியவில்லை.

என் கட்சி இதுதான்: போகும்போது ரயில், வரும்போது பஸ். காலையில் ரயில் என்றால் வெளிச்சத்தில் பாலத்தைப் பார்க்கலாம், டாய்லெட் உண்டு, காலை நீட்டலாம். மாலையிலும் ரயில்தான் என்று முடிவு செய்துவிட்டால் அந்த ஒரு வண்டிக்காக மத்தியானத்திலிருந்தே மனசு ஸ்டேஷனில் நிற்கும். மதுரைக்கு பஸ் அடிக்கடி உண்டு, இரவிலும் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று.

பைக்கில் போகலாமா என்று சித்தி மகன் கேட்டான். போக 170, வர 170, நடுவே தீவுக்குள் 50. ராமநாதபுரம் தாண்டியதும் வெயிலும், பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் சேர்ந்து ஆளைப் பிழிந்துவிடும். இரண்டு பேராகவாவது போனால் மாற்றி மாற்றி ஓட்டலாம். தனியாக ஒரே நாளில் என்றால் மறுநாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

### அங்கே போனபிறகு

ராமேஸ்வரம் ஊர் சும்மா இருக்கும் இடம் இல்லை. அது கோயில் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ‘தீர்த்தமா, தர்ப்பணமா, தனுஷ்கோடியா’ என்று சூழ்ந்துகொள்வார்கள். நீங்கள் தேடும் தீவு அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தரை ஒல்லியாகிக்கொண்டே போகும் தனுஷ்கோடிப் பக்கம் இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. தார் ரோடு 2017-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் மணலில் வேன்காரர் வைத்ததுதான் விலை. இப்போது டவுன் பஸ்ஸே போகிறது.

முதல் தடவை எனக்கு அது தெரியாது. ஒரு ஆட்டோவில் 800-க்குப் பேசி ஏறினேன். “எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்கக்கா” என்றார் ஓட்டுநர். அரிச்சல்முனையில் இறங்கி நாற்பதாவது நிமிஷம் போன் வந்தது: “அக்கா, அடுத்த சவாரி இருக்கு.” காசு கொடுத்து வண்டியை வாங்கினேன், அவசரமும் கூடவே வந்துவிட்டது. அடுத்த தடவை டவுன் பஸ்ஸில் போனேன். போக வரச் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். தனி ஆளுக்கு அந்த இரண்டாவது பஸ்தான் ஆடம்பரம்.

இடிந்த சர்ச் பக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் விட்டுவைத்தது அதன் சுவர்களைத்தான். பயணிகளோடு வந்த ரயிலையே அன்று கடல் கொண்டுபோனது. அதுவரை இது சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் வந்து நிற்கும் ஊர். இங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். இப்போது ஓலைக் கொட்டகைகளும் சங்கு, சிப்பி விற்கிறவர்களும் வறுத்த மீன் வாசனையும்தான்.

சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தை விட்டு நான் கொஞ்சம் மணலில் நடந்தேன். ஒரு அக்கா முழங்கால் ஆழக் குழிக்குள் குந்தியிருந்தார். கையில் தேங்காய்ச் சிரட்டை. குழியடியில் ஊறும் தண்ணீரை மணல் கலங்காமல் மேலாக மொண்டு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினார். ஒரு சிரட்டை மொண்டால், அடுத்தது ஊறும்வரை கை சும்மா இருக்கும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். “குடிச்சுப் பாரு” என்று நீட்டினார். உப்பே இல்லை. “எங்கே ஆளுகள்லாம்? தனியாவா வந்தே?” என்றார். ஆமாம் என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை. குடம் நிரம்ப இருபது நிமிஷம் ஆனது, நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அரிச்சல்முனை அங்கிருந்து சில கிலோமீட்டர். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்ப் பேச்சில் முன்னது பெண்கடல், பின்னது ஆண்கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் பெண்கடலும் கோபப்படும். எந்தக் காலமானாலும் முனையில் இறங்கிக் குளிக்க நினைக்காதீர்கள். இரண்டு நீரோட்டங்கள் முட்டும் இடம் அது. காப்பாற்றக் கூட ஆள் இல்லாதவர் கணுக்காலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் திட்டம் போடாதீர்கள், இருட்டும் முன்பே போலீஸார் எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள்.

### கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முதலாவது, கோயில். “ராமேஸ்வரம் வரைக்கும் போய்ட்டு சாமி கும்பிடாம வந்தியா?” என்று வீட்டில் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்து உள்ளே போனால் குறைந்தது ஒன்றரை மணி நேரம். 22 தீர்த்தமும் ஆடினால் உச்சி முதல் பாதம் வரை நனைந்து, உடை மாற்றி, அப்புறம்தான் சந்நிதி. அரை நாள் காலி. போனுக்கு உள்ளே அனுமதி இல்லை, தனி ஆள் அதை வெளியே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். மத்தியானம் நடை சாத்தும் நேரமும் உண்டு. கோயில் வேண்டும் என்றால் அதையே பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். தீவும் வேண்டும், தீர்த்தமும் வேண்டும் என்றால் ஒரு நாள் பத்தாது.

இரண்டாவது, நிழல். தனுஷ்கோடிப் பக்கம் மரம் என்று ஒன்றைத் தேட வேண்டும். ஒரு கொட்டகையில் மீன் சாப்பாடு சொல்லிவிட்டால் ஒரு மணி நேர நிழலும் சேர்ந்து கிடைக்கும். அதைத்தான் நான் சாப்பாட்டு விலையில் சேர்க்கிறேன். உட்காரும் முன் மீனைக் காட்டச் சொல்லி விலை கேட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறி நிற்கும். கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவம்தான்.

மூன்றாவது, நாள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் மொத்தத் தமிழ்நாடும் அங்கே இருக்கும். சனி, ஞாயிறில் தனுஷ்கோடி ரோட்டில் வேன் வரிசை. புதன், வியாழன் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகளும் நிற்கும்.

வரும் வழியில் ஒன்று. நாம் தலையில் வைக்கும் மதுரை மல்லி, 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மல்லி, அதற்கு நாற்று இந்தத் தீவின் தங்கச்சிமடத்திலிருந்துதான் நிறையப் போகிறது. நான் ஒரு கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவனியாபுரத்து மொட்டைமாடியில் இரண்டு பிழைத்திருக்கின்றன.

## குருசடை: கேட்டால் கிடைக்காத தீவு

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. இரண்டு ஏற்கனவே தண்ணீருக்குள் போய்விட்டன. மற்றவற்றில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. வனத்துறை சுற்றுலாவுக்காகத் திறந்து வைத்திருப்பது குருசடை. பாம்பனில் இறங்கி, ஆட்டோ பிடித்து குந்துகால் போனால் அங்கிருந்து படகு. 65 ஹெக்டேர் அளவுள்ள தீவு. பவளப்பாறை, அலையாத்தி மரங்கள், கடல்பசு மேயும் புல்வெளிகள் எல்லாம் இந்தக் கடலின் சொத்து. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் வைத்துப் பாடப்புத்தகங்கள் பேசும் பலனோகுளோசஸ் என்ற புழு மாதிரியான உயிர் இங்கே உண்டு. விலங்கியல் படித்த மாடி வீட்டு டீச்சர் அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு எங்கும் போகமாட்டேன் என்றுவிட்டார்.

மூன்றில் ‘தீவு’ என்ற சொல்லுக்கு உண்மையாக இருப்பது இதுதான். பாலம் இல்லை, ரோடு இல்லை, படகை விட்டால் வழி இல்லை. அதுவே தனி ஆளுக்குச் சிக்கலும்.

நான் முதல் தடவை போன அன்று காற்று எழும்பிவிட்டது. படகு கிடையாது. துறையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் வானத்தைக்கூடப் பார்க்காமல், “இன்னைக்கு இல்ல தங்கச்சி, நாளைக்கும் சந்தேகம்தான்” என்றார். இரண்டாம் தடவை கடல் அமைதி. ஆனால் ஒரே ஒரு ஆளுக்காகப் படகை எடுக்க முடியாது என்பதால் ஆள் சேரக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து கரூரிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது, பாட்டி உட்பட ஒன்பது பேர். “நீயும் எங்க கூடவே வா” என்று பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். தனிமை தேடிப் போனவள் அவர்களுடைய புளியோதரையில் பங்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன். குறை சொல்லவில்லை, புளியோதரை நன்றாகவே இருந்தது. ஆனால் தீவில் தனியாக விட்டேற்றியாகத் திரிய முடியாது. கூட்டமாகப் போய், காட்டும் வழியில் நடந்து, சொன்ன நேரத்தில் திரும்ப வேண்டும். கடை கிடையாது. பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு இங்கே காத்திருப்புதான். மதுரையிலிருந்து மூன்றரை மணி நேரம் வந்து, துறையில் ஒன்று, படகும் தீவுமாக இரண்டு. அவ்வளவுதான் நாள். போகிறவர்கள் முதல் நாளே மண்டபம் வனத்துறையில் படகு ஓடுகிறதா, ஆள் சேர்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை நினைக்கவே வேண்டாம். படகு இல்லாவிட்டால் மீனவர் யாரையாவது பிடித்து ஆளில்லாத ஒரு தீவில் இறங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உங்களுக்கு அபராதம், அந்த மீனவருக்கு அதைவிடப் பெரிய தொல்லை. வேண்டாம்.

ஒரு ஆறுதல்: படகு கைவிட்டாலும் நாள் கைவிடாது. குந்துகால் கரையே அமைதியான இடம். 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் வெளிநாட்டிலிருந்து வந்து கால் வைத்த இடம் என்று அங்கே ஒரு நினைவிடமும் இருக்கிறது. படகு இல்லாத அன்று நான் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பாம்பன் வந்து தனுஷ்கோடிக்குப் போனேன்.

## முயல் தீவு: பெயருக்குத் தீவு

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரில்தான் தீவு, ரோட்டோடு ஒட்டியே கிடக்கிறது. காணும் பொங்கலன்று தூத்துக்குடிக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு மொத்தமாக வந்து இறங்கும் இடம். வேலைநாள் காலையில் ஆளே இருக்கமாட்டார்கள். தூரத்தில் கப்பல் நிற்கும், அலை சத்தமில்லாமல் வந்து போகும். கரையோரம் ஆழம் குறைவு.

மதுரையிலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ., அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நாலு வழிச் சாலை, பஸ்ஸில் மூன்று மணி நேரம். மூன்றிலும் இதுதான் பக்கம். ஆனால் ஊரிலிருந்து தீவுக்கு பஸ்ஸை நம்ப முடியாது, ஆட்டோதான். அங்கிருந்து திரும்ப ஆட்டோ கிடைக்காது என்பதால் காத்திருக்கச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும். மறுபடி அதே கதை: வண்டிக்கு விலை, கூடவே அவசரம். அந்த ஆளில்லாத அமைதி நாலு பேராகப் போனால் இனிக்கும். தனியாக, அதுவும் பெண்ணாக, கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லாத கரையில் உட்கார்ந்தபோது நான் கடலைவிடப் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தேன். வெளிப்படையாகச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை.

மீதி நேரத்தைத் தூத்துக்குடி ஊர் நன்றாகவே நிரப்பும். பனிமய மாதா கோயிலின் குளிர்ந்த தரை, பழைய துறைமுகப் பக்கத்துத் தெருக்கள், கடைசியில் முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் செய்யும் மக்ரூன். அட்டைப்பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். மேலே கேரியரில் வைத்தால் அருப்புக்கோட்டை வருவதற்குள் தூளாகிவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

செலவெல்லாம் என் கைக்கணக்கு, தோராயம்தான்.

| | தனுஷ்கோடி | குருசடை | முயல் தீவு |
|---|---|---|---|
| ஒரு வழிப் பயணம் | 4 மணி, அப்புறம் டவுன் பஸ் | 3½ மணி, ஆட்டோ, படகு | 3 மணி, ஆட்டோ |
| கடலோரம் மிஞ்சும் நேரம் | 5 முதல் 6 மணி | தீவும் படகும் சேர்த்து 2 மணி | எவ்வளவு வேண்டுமோ (ஆட்டோக்காரர் மனசு வைத்தால்) |
| தனி ஆளுக்குச் செலவு | பஸ், ரயில் என்றால் 500–800. ஆட்டோ என்றால் 1,500 | 1,200 பக்கம் | 1,000 பக்கம் |
| திரும்பும் வண்டி | அடிக்கடி பஸ் | பாம்பனில் அதே பஸ் | தூத்துக்குடி ஊரிலிருந்து அடிக்கடி பஸ் |
| தண்ணீரில் இறங்க | முனையில் கூடாது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் கூட்டத்தோடு | அதற்கான இடம் இல்லை | ஆழம் குறைவு, ஆனால் பைக்குக் காவல் இல்லை |
| சாப்பாடு | கொட்டகையில் மீன் | கையில் கொண்டுபோவது | ஊருக்குள் வந்துதான் |
| நாள் கெட வாய்ப்பு | அமாவாசை, விடுமுறை | காற்று, ஆள் சேராமை | பொங்கல், ஞாயிறு |

## யாருக்கு எது

தனியாகப் போவது இதுதான் முதல் முறை என்றால் தனுஷ்கோடி. கூட்டம் கொஞ்சம் இருக்கிறது என்பது அங்கே குறையில்லை. ஒரு பெண் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குத்தான் கூட்டம். செலவை நூறு நூறாகக் குறைக்கவும் முடியும்.

உயிரியல் ஆர்வம் உள்ளவர்கள், கையில் இன்னொரு லீவு வைத்திருப்பவர்கள், ‘இன்று இல்லை’ என்றால் சிரித்துக்கொண்டு திரும்பத் தெரிந்தவர்கள் குருசடைக்குப் போகட்டும். மார்ச் மாதத்துக் கடைசி லீவை அதில் பந்தயம் வைக்காதீர்கள். அதைவிட இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து போனால் படகு சீக்கிரம் நிறையும். அப்போது அது தனிப் பயணம் இல்லை, ஆனால் நல்ல பயணம்.

முயல் தீவு, தூத்துக்குடியில் வேறு வேலையும் இருக்கிறவர்களுக்கு. கல்யாணம், கோர்ட், கம்பெனி வேலை என்று எப்படியும் போகிறீர்கள், மத்தியானம் மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்றால் சரி. அதற்கென்றே லீவு போட வேண்டாம். சொந்தக் கார் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஆட்டோவும் அவசரமும் இரண்டுமே போய்விடும்.

பக்கத்து சீட் தங்கை கடைசியில் தனுஷ்கோடி என்று முடிவு செய்துவிட்டாள். புதன்கிழமை, காலை ரயில், மாலை பஸ். ரயில் நேரத்தை முதல் நாள் ராத்திரி மறுபடி ஒரு தடவை பார், டாய்லெட்டை ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொள், இரண்டு லிட்டர் தண்ணீர், காசைச் சில்லறையாக வை, அம்மாவுக்கு நீயே முதலில் போன் பண்ணிவிடு, அப்போதுதான் அவர்கள் பண்ணமாட்டார்கள் என்று எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

“குடை எடுத்துக்கட்டுமாக்கா?”

“அந்தக் காத்துல குடை நிக்காது. தொப்பி எடு, கயிறு வச்சது.”